தள்ளிக்கொண்டு போனவர்கள்

4-6-2007, திங்கள். நாவலூர்

பால் வாங்கி வர மிதிவண்டியில் போனேன். சாலையைக் கடக்கப் பதினோரு நிமிடம். மூன்று முறை சாலையில் இறங்கி, மூன்று முறையும் பின்வாங்கினேன்.

நடுத்தடுப்பில் விட்டிருக்கும் இடைவெளியை இந்த மாதக் கடைசியில் அடைக்கப் போகிறார்களாம். பலகை வைத்திருக்கிறார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் 20-ஆம் தேதி நெடுஞ்சாலைத் துறையின் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு வர வேண்டும். அடைத்துவிட்டால் மிதிவண்டிக்காரர்கள் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். யார் போவார்கள்? ஓரமாக எதிர்த்திசையில் வருவார்கள். லாரிகளுக்கு நேர் எதிரே.

5-6, செவ்வாய்

எதிர்ப்புறக் கணினி அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ரெபேக்காள் பால்கடையில் பிடித்துக்கொண்டாள். அவளும் மிதிவண்டியில் வருபவள். "சார், நீ படிச்சவரு. கல்பாக்கத்துல பெரிய ஆபீசுல இருந்தவரு. நீயே போய்ப் பேசு. எங்கள உள்ளயே வுட மாட்டான்."

முப்பத்தோராண்டு அளவுமானிகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் நான். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

7-6, வியாழன்

வெறும் பேச்சு எடுபடாது, எண் வேண்டும். முனிசாமியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலை 6.30 முதல் 9.30 வரை எண்ணத் தொடங்கினேன். முதலில் விதி எழுதிக்கொண்டேன்: இருக்கையில் அமர்ந்து கடப்பவர் மிதிவண்டி; நடந்து கடப்பவர் பாதசாரி.

"இன்னா சார், கோடு கோடா இழுத்துகினு கீற? பொண்ணு ஜாதகமா?" என்றான் முனிசாமி. கடையே சிரித்தது.

12-6, செவ்வாய்

சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் என்னை உரசிக்கொண்டு போனது. அடி இல்லை. இன்று எண்ணவில்லை.

20-6, புதன்

செங்கல்பட்டு. ரெபேக்காளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பொறியாளர் கடைசித் தாளை மட்டும் பார்த்தார்.

"சராசரி நாப்பத்திரண்டு. நாப்பத்திரண்டு சைக்கிளுக்காக இவ்ளோ பெரிய ரோட்டைத் திறந்து வைக்கணுமா? உங்க கணக்குதானே சார் இது?"

ஆமாம் என்றேன்.

பேருந்து நிலையத்தில் ரெபேக்காள், "நாப்பத்திரண்டா? எங்க ஆபீசு ஷெட்டுலயே எழுவது வண்டி நிக்குதே சார். அதுங்கல்லாம் பறந்தா வந்துச்சு?" என்றாள்.

21-6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கூட்டல் சரி. விதிதான் தவறு.

அந்தச் சாலையில் யார் ஏறி உட்கார்ந்து கடக்கிறார்கள்? பயந்துபோய் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறோம். தள்ளியவர்களையெல்லாம் பாதசாரி என்று எழுதியிருக்கிறேன். நானும் தினமும் தள்ளுகிறவன்தானே? வேறொருவர் என் விதியை வைத்து எண்ணினால் நானும் மிதிவண்டிக்காரன் இல்லை.

மறுபடி அந்த ஆள் முன்னாடி போய் நிக்கணுமா? என்னால முடியாதுப்பா.

மகன் பரணிதரனிடம் சொன்னேன். "விடுங்கப்பா. பாலை நான் ஆபீஸ்லேர்ந்து வரும்போது வாங்கிட்டு வரேன்," என்றான். நல்லதற்குத்தான் சொல்கிறான். பிரச்சினை பால் இல்லையே.

22-6, வெள்ளி

மறுபடி எண்ணினேன். ஓட்டியவர் 43. தள்ளியவர் 168.

இட்டுக்கட்டிக் கொண்டுவந்தேன் என்பார்களோ?

25-6, திங்கள்

செங்கல்பட்டு. பத்தரை மணியிலிருந்து ஒன்றுவரை காத்திருப்பு. வீட்டுக்கே போய்விடலாம் என்று இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பினேன்.

உள்ளே போனதும், எழுதியதைப் படிக்காமல், "போன வாரம் கொடுத்த கணக்கு தப்பு சார்," என்றேன்.

"அப்போ பொய்க் கணக்கா?"

"பொய் இல்ல சார். பயந்து இறங்கித் தள்ளுறவங்கள நான் சேர்க்கல. நானும் தள்ளுறவன்தான்."

"அப்ப உங்களையே நீங்க சேர்க்கலையா?"

"இல்ல சார்."

புதுக் கணக்குத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். "ஆள் அனுப்பி எண்ணிப் பாக்கச் சொல்றேன்." அவ்வளவுதான். வெளியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

2-7, திங்கள்

இடைவெளிக்குப் பக்கத்தில் கான்கிரீட் கட்டைகள் வந்து இறங்கியிருக்கின்றன. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

5-7, வியாழன்

ரெபேக்காளைப் பார்த்துவிடக் கூடாதென்று பால்கடைக்கே போகவில்லை.

17-7, செவ்வாய்

கட்டைகளை வைத்துவிட்டார்கள். கார் நுழைய முடியாது. நடுவில் நான்கு மிதிவண்டிகள் சேர்ந்து போகும் அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை ஒரு காவலர். திங்கள் முதல் வெள்ளி வரைதானாம். சனிக்கிழமை என்ன செய்வது?

காவலர் கை காட்டினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ரெபேக்காள் இறங்காமல் மிதித்துக்கொண்டே போய், எதிர்ப்புறம் நின்று திரும்பிப் பார்த்தாள். "ஏறி வா சார். அதான் நிறுத்திக்கினு கீறாரே."

பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறப் பெடலில் கால் வைத்தேன். எடுத்துவிட்டேன். தள்ளிக்கொண்டே போனேன்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். ஓட்டியவர் 190. தள்ளியவர் 21, என்னையும் சேர்த்து.