கதவுக்கு மேலே வைத்த பிராது

3-10-2007, புதன்

இந்த டைரி போன வருஷத்துடையது. லாரி ஆபீஸில் சும்மா கிடந்தது, கேட்டு வாங்கினேன். இதில் இன்று செவ்வாய் என்று அச்சடித்திருக்கிறது. அதை அடித்துவிட்டுப் புதன் என்று எழுதினேன். அச்சடித்ததையே திருத்துகிறேன்! அறுபத்தேழு வயதில்.

காலை எட்டு மணிக்கு, நான் வேலை பார்க்கும் கோழி, மீன் கடையில் பிரீசர் ரூம் மீட்டர் மைனஸ் பதினெட்டு. நல்லது. வெளியே இருக்கும் மெஷினின் தகட்டு இடுக்குகளில் பிரஷ் போட்டேன். செராமிக் கம்பெனித் தூசி மாவு மாதிரி அப்பிக்கொள்கிறது. விட்டால் மெஷினுக்கு மூச்சு முட்டும். முப்பது வருஷம் அந்தத் தூசியில் நின்று சூளை அடுக்கினேன். இப்போது அதைத் துடைப்பதற்கே ஒரு வேலை.

இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம். கனகா பார்த்தால் சிரிப்பாள். கடையில் கோழி வெட்டி பாக்கெட் போடுகிறவள். பத்தாவது வரை படித்தவள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒன்றரை வருஷத்தில் என்னை எழுத வைத்தவள் அவள்தான்.

5-10, வெள்ளி

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலுக்குப் போனேன், பிராது கட்ட.

ஆகஸ்டில் கம்ப்ரசர் நின்றுபோய், மீனையும் கோழியையும் குழி தோண்டிப் புதைத்தோம். மொதலாளி ஸ்தனிஸ்லாஸ் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் கடையை மூடிவிடுவேன் என்றார். அதனால்தான் சாமியிடம் முறையிடப் போனேன்.

கோவிலில் எழுதிக் கொடுக்கிறவர் பேனாவைத் திறந்து, "சொல்லுங்க பெரியவரே" என்றார்.

"நானே எழுதியாந்துட்டேங்க."

வாங்கிப் படித்தார். "கம்ப்ரசருக்கு பிராது கட்டுற மொத ஆளு நீங்கதான். எல்லாரும் இப்பிடி எழுதியாந்தா எங்க பொழப்பு இன்னாங்க ஆவுறது?"

எனக்கு ஒரே சிரிப்பு. தாளைச் சாமி காலடியில் வைத்து எடுத்து, அங்கேயே இருக்கும் முனியப்பர் வேலில் கட்டினேன். என் எழுத்து காற்றில் ஆடியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே மாதிரி இன்னொரு தாளும் எழுதி வைத்திருந்தேன். அதில் விபூதியை மடித்து, பிரீசர் ரூம் கதவுக்கு மேலே இடுக்கில் யார் கண்ணிலும் படாமல் செருகி வைத்துவிட்டேன். மொதலாளி வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் கேட்கக் கூச்சம்.

11-10, வியாழன்

மைனஸ் பதினெட்டு. விரல் வலி. இவ்வளவு போதும்.

16-10, செவ்வாய்

மைனஸ் பதின்மூன்று! உள்ளே ஃபேனுக்குப் பின்னால் குழாய் எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஐஸ். கத்தியால் சுரண்டக் கூடாது, குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். சரக்கை ஐஸ் பெட்டிகளுக்கு மாற்றி, மெஷினை நிறுத்தி, தானாக உருகட்டும் என்று காத்திருந்தோம். கனகா வாளி வாளியாகத் தண்ணீரை அள்ளிக் கொட்டினாள். சாயங்காலம் பழையபடி பதினெட்டு.

18-10, வியாழன்

மறுபடியும் பதினான்கு. கடலூரிலிருந்து மெக்கானிக் ஆன்றோ வந்தான். கேஸ் சரி, ஃபேன் சரி. "வெளிக் காத்து உள்ள போவுதுங்க. அதுல இருக்குற ஈரந்தான் ஐஸா புடிக்குது" என்றான். ஒரு பேப்பர் துண்டைக் கதவு ரப்பருக்கு நடுவே வைத்துச் சாத்தி இழுத்தான். வரவில்லை. "பாருங்க, கப்புனு புடிக்குது. கதவு மேல தப்பில்ல. யாரோ சரியா சாத்தாம வந்துடறாங்க."

அவன் போனதும் மொதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரு பெரியவரே?" என்றார்.

கனகாதான் அதிகமாகப் போய்வருகிறாள் என்றேன். பொய் இல்லையே. அவ்வளவுதான் சொன்னேன்.

ஏன் சொன்னேன்?

20-10, சனி

ஆயுத பூசை. மொதலாளி பொரி, கடலை வாங்கிக் கொடுத்தார். தராசுக்கும் கத்திக்கும் கனகா பொட்டு வைத்தாள். மைனஸ் பன்னிரண்டு.

22-10, திங்கள்

மைனஸ் பத்து. கனகாவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் மொதலாளி. கத்தவில்லை. "தீவாளிச் சரக்கு எறங்கப் போவுதும்மா. என்னால இன்னொரு குழி தோண்ட முடியாது" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, நீங்க சொல்லுங்க. நான் கதவத் தொறந்து போடுறவளா?"

நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தராசில் ஒன்றுமே இல்லை.

23-10

எழுதப் பிடிக்கவில்லை.

25-10, வியாழன்

என் சம்சாரம் அம்சவல்லி, "சோத்துல கைய வச்சிக்கிட்டு எங்க பாக்குறீங்க?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு கதவு சாத்தாததை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்பறம்?"

குழம்பை ஊற்றிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். இன்னும் கேட்டிருக்கலாம்.

28-10, ஞாயிறு

சர்ச் நாள், கடை லீவு. மீட்டர் வெளியே இருப்பதால் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பதினொன்று. கனகா போய் ஐந்து நாள் ஆகிறது. கதவை நான்தான் சாத்துகிறேன். ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்தும் பார்க்கிறேன். ஆனாலும் பதினொன்று.

டைரியின் கடைசிப் பக்கங்களில் தினமும் மீட்டர் கணக்கு எழுதி வருகிறேன். அதைப் படித்தேன். பதினான்காம் தேதி, அதுவும் ஞாயிறு. கதவையே யாரும் திறக்கவில்லை. காலையில் பதினேழு, சாயங்காலம் பதினைந்து. யாருமே தொடாத கதவில் காற்று எப்படிப் போயிற்று?

அப்படியானால் கனகா இல்லை. நான் எழுதியதே எனக்குச் சொல்கிறது. முன்பெல்லாம் என் கையில் இப்படி எழுத்துச் சாட்சி இருந்ததில்லை. ஆனால் சந்தோஷமாக இல்லை.

29-10, திங்கள்

ஆன்றோ கைப்பிடி பக்கம் மட்டும்தான் பேப்பர் வைத்துப் பார்த்தான். நான் ஸ்டூல் போட்டுச் சுற்றிலும் பார்த்தேன். கீழே பிடித்தது. பக்கத்தில் பிடித்தது. மேலே கீல் ஓரத்தில் வைத்த துண்டு, நான் இழுக்காமலே விழுந்தது.

விரலை விட்டேன். ரப்பர் மடிப்புக்குள் கல் மாதிரி ஒன்று. என் விபூதிப் பொட்டலம்.

வைக்கும்போது ஒரு தாள் கனம்தான் இருந்தது. ஈரம் குடித்து, உறைந்து, திரும்ப ஈரம் குடித்துக் கட்டைவிரல் தடிமனுக்கு ஊதியிருக்கிறது. ரப்பரை அதுதான் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்தேன், உருகியது. மை கரைந்தாலும் என் எழுத்து எனக்குத் தெரியாதா? பிரீசர் ரூமைக் காப்பாற்று என்று நான்தான் எழுதியிருந்தேன்.

30-10, செவ்வாய்

நேற்று மெஷினை நிறுத்தி ஐஸை உருக வைத்ததோடு சரி. நாள் முழுக்க மைனஸ் பதினெட்டு.

மொதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு போன ஒரே வாரத்துல சரியாயிடுச்சி, பாத்தீங்களா" என்றார்.

ஐயோ. நான் சரிசெய்ததே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வாயைத் திறந்தேன், டீ வந்தது, மூடிக்கொண்டேன். சொன்னால் என் வேலையும் போகும். சொல்லாவிட்டால்?

31-10, புதன்

சொல்லிவிட்டேன். கடை திறந்ததும், உட்காருவதற்கு முன்பே.

மொதலாளி கணக்கு நோட்டை மூடினார். "சாமிய நான் வேணாம்னு சொன்னனா பெரியவரே? ஒரு வார்த்த கேட்டிருந்தா செவுத்துல நானே ஆணி அடிச்சிக் குடுத்திருப்பனே." அப்புறம், "பொட்டலத்த வுடுங்க. அந்தப் பொண்ணு பேரச் சொன்னீங்களே, அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?" என்றார்.

1-11, வியாழன்

ஜங்ஷனுக்குப் பின்னால் கனகா வீடு. உள்ளே வரச் சொன்னாள், பாய் போடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மொதலாளி கூப்பிடுகிறார், வாம்மா என்றேன்.

"சரக்கெடுக்க வர்றவன் எல்லாம் என்னைப் பத்திப் பேசியாச்சி. பெண்ணாடம் வரைக்கும் தெரிஞ்சிபோச்சி. நீங்க எங்கிட்ட வந்து காதுல சொன்னா ஆச்சா?"

"இன்னா பண்ணணும்னு சொல்லும்மா."

"எழுதி அந்தக் கதவுல ஒட்டுங்க. எழுதத்தான் தெரியுமே இப்ப."

2-11, வெள்ளி

எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். 'தெரியாமல் கனகா மேல் பழி போட்டவன் நான்' என்ற வரியில் விரலை வைத்தாள்.

"தெரியாமலா? பாக்காம சொன்னீங்க. அத எழுதுங்க."

வீட்டுக்கு வந்து முதலிலிருந்து எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று.

3-11, சனி

ஒட்டினேன்:

'பிரீசர் ரூமில் ஐஸ் கட்டியதற்குக் கனகா காரணம் இல்லை. கதவு ரப்பரில் பொட்டலம் செருகி வைத்தவன் நான். பார்க்காமல் கனகா மேல் பழி போட்டவனும் நான். இரா. சக்கரபாணி.'

சரக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று படித்தார்கள். தலை நிமிர முடியவில்லை. வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன், இந்த டைரிக்கு மட்டும். என் எழுத்தில் எந்த இடத்திலும் ஒருவர்கூடத் தடுமாறவில்லை.

6-11, செவ்வாய்

கனகா வந்தாள். என்னிடம் பேசவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தாளைக் கிழிக்கட்டுமா என்று மொதலாளி கேட்டதற்கு, தீபாவளி வரை இருக்கட்டும் என்றாள்.

பத்து மணிக்கு வேப்பூர் ஓட்டல்காரர் கோழி எடுக்க வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "யாருங்க இந்தச் சக்கரபாணி?"

"நான்தாங்க" என்றேன்.

உள்ளேயிருந்து கனகா குரல் வந்தது. "சத்தமா சொல்லுங்க பெரியப்பா, அவருக்குக் காது கேக்காது."

சத்தமாகச் சொன்னேன். அவள் திரும்பவில்லை, முதுகுதான் தெரிந்தது. அடக்கிய சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்கின.