மிஸ் ஆனின் உதவியாளர்

அண்ணே,

என் மாரியம்மனையும் உங்கள் மாதாவையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன்: இந்தக் கதையை எவனும் நம்பமாட்டான்.

சென்ற வாரம் மெர்கோங்கில், மருமகன் ஆபீசில், ஒருவன் வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான். அந்த மார்க்கர் மை வாசனை மூக்கில் ஏறியதும் பாடாங் செராயில் நம் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கே போய்விட்டேன்.

எண்பதுகளில் கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கினானே, ஒரு நிபுணன்! ஆபீசில் செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று படம் போட வந்த மேதை. தமிழ் ஒரு சொல் தெரியாது. அவன் கழுத்துப்பட்டையை விரித்தால் லூனாஸ் வரை ரோடு போடலாம். மூளையைக் கரைத்தால் ஒரு தபால்தலை ஒட்டக் காணாது.

“சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். டைப்பிஸ்ட் முதல் டிரைவர் வரை ஒரே பதில்: “அண்ணேகிட்டதான்லா.” அதை இங்கிலீஷ் எழுத்தில் ‘Anne’ என்று குறித்துக்கொண்டு, பிறகு வெள்ளைக்காரி பெயராக வாசித்தான்: ஆன்!

படத்தின் நடுவே பூசணிக்காய் அளவில் ‘மிஸ் ஆன்’. கெடா மாநிலத்து அம்பெல்லாம் அவள் மேல்தான். ஓரத்தில் ஒரு பெட்டிக்குள், கணக்கெழுதும் கிராணியான உங்கள் முழுப்பெயர். அதற்கு ஒரு கோடுகூட வரவில்லை. தீர்ப்பு: மிஸ் ஆனுக்குத் தனி மேசை, மின்விசிறி, தினம் ஒரு ரோஜா. யாருக்கும் தேவைப்படாத கிராணிக்கு வேலை போச்சு. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். நாலு பிள்ளைகளோடு எங்கே போவீர்கள்?

தோட்டத்து மேனேஜர் துரை எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். “யார் அந்த மிஸ் ஆன்? நான் பாத்ததே இல்ல. வரச் சொல்லு!”

படத்திலிருந்த எழுத்தைக் கூட்டி வாசித்த டிரைவர் உங்களைப் பார்த்துக் கத்தினான்: “அண்ணே! தொரை உங்களத்தான் கூப்புடுறாரு!”

பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தீர்கள். “நான்தாங்க தொரை அந்தப் பொம்பள.”

துரை சிரிக்கவில்லை. தப்பை ஒப்புக்கொண்டால் துரைத்தனம் என்னாவது? படத்தைத் திருத்தாமல் ஆளைத் திருத்தினார்: கிராணி இனி மிஸ் ஆனின் உதவியாளர். ஓய்வு பெறும்வரை, பிறக்காத ஒருத்திக்குக் கீழே வேலை பார்த்தீர்கள். தலைமை ஆபீஸ் அவளைக் கேட்கும்போதெல்லாம், “அம்மா லீவுல இருக்காங்க” என்பீர்கள்.

இப்போது பையன்கள் என்னை ‘அண்ணே’ என்கிறார்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

மேசை, விசிறி, ரோஜா, அந்த அம்மாவின் உத்தியோகம் எல்லாம் என் கைச்சரக்கு. உங்கள் பெயருக்கு ஒரு கோடும் வராதது மட்டும் நிஜம், அண்ணே.