மலைப் பக்கத்துச் சுவர்

ஆகஸ்ட் 19, புதன்

காலையிலேயே புழுக்கம். மலை உச்சியில் கருமேகம். இன்று எனக்கு டியூட்டி இல்லை.

சின்ன அறையில் கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். மேற்குச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரம். உள்பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. நேற்று மாலை பெய்தது ஒரு மழையே இல்லை, வெறும் தூறல். அதற்கே இந்தக் கதி.

மகள் ரேவதிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம். பெண் குழந்தை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் என் பேத்தி. அழுகிறாள், சத்தம் வெளியே வருவதில்லை. டாக்டரம்மா சாந்தியிடம் சொன்னது: "எடை கூடினதும் அனுப்பிடுவோம். நுரையீரல் வீக்கா இருக்கு. ஈரமான ரூம்ல மட்டும் வெக்காதீங்க. பூஞ்சை வாடை ஆகவே ஆகாது." சாந்தி நன்றாகத் தலையாட்டிவிட்டு, வராண்டாவுக்கு வந்து அழுதாளாம். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அழாத மனுஷி.

வீட்டில் இருப்பது ஹால், சமையலறை, இந்தச் சின்ன அறை. ஹாலில் ரோட்டுப் புழுதி. சமையலறையில் புகை. வேறு எங்கே வைப்பது?

செய்ய வேண்டியவை:
- மேற்குச் சுவரின் வெளிப்பூச்சைத் தட்டி எடுத்துப் புதிதாகப் பூச
- சன்ஷேடு விரிசல் அடைக்க
- பெயிண்ட், இரண்டு கோட்டாவது
- யூனிஃபார்ம் சட்டைக்குப் பொத்தான்
- தனக்கோடி அக்காவிடம் கேட்க

கடைசி வேலைதான் மலை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இடம். ஓட்டு வீடு, மாட்டுக் கொட்டகை, ஒரு முருங்கை. சாரம் கட்டினால் அவர் வாசலில்தான் கம்பு ஊன்ற வேண்டும். நாங்கள் வீடு கட்டியபோது, சன்ஷேடு தண்ணீர் கொட்டகை மேல் கொட்டுகிறது என்று ஆரம்பித்த சண்டை. அதோடு பேச்சு நின்றது. மற்ற மூன்று பக்கமும் சந்தன நிறத்தில் மினுக்கிக்கொண்டிருக்க, அந்தச் சுவர் மட்டும் சிமெண்ட் பூச்சோடு நின்றுவிட்டது. பெயிண்ட் வாசனையே அறியாத சுவர். மலையிலிருந்து இறங்கும் மழை முதலில் அறைவது அதைத்தான்.

ஆகஸ்ட் 20, வியாழன்

டியூட்டி. வெள்ளிமலை ட்ரிப். வண்டி நிறைய மரவள்ளி மூட்டை, சாமை மூட்டை, கூடவே ஒரு கோழி. கோழிக்கு டிக்கெட் கேட்டேன் என்று ஒரு மலைக்காரம்மா எட்டு கொண்டை ஊசி வளைவுக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் யாரோ: "இந்த வருசம் மழ ஜாஸ்தின்றாங்க."

மாலை. யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் தனக்கோடி அக்கா வாசலில் போய் நின்றேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னா கண்டக்டரே, வழி தவறிட்டீங்களா?"

எல்லாம் சொன்னேன். குழந்தை, டாக்டரம்மா, ஈரம், சுவர். தவிட்டுக் கையோடு கேட்டுக்கொண்டார்.

"கொழந்த எத்தினி கிலோ?"

"ஒன்றரைகூட இல்லக்கா."

கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார். "முருங்கையில கை வெக்கக் கூடாது. மாடு செனையா கீது, அது மேல கல்லு கில்லு உழக் கூடாது. சாரம் கட்டிக்குங்க."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் மூடியிருந்த வாய், அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. ரோட்டுக்கு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.

ஆகஸ்ட் 22, சனி

வெயில். லீவு சொல்லிவிட்டேன். மேஸ்திரி ஏழுமலை (இனி மே.) ஏழு மணிக்கே வந்துவிட்டார். சவுக்குக் கம்பில் சாரம். கொட்டகை மேல் தார்ப்பாய் போர்த்தினோம், மாட்டுக்காக. மே. சுவரைத் தட்டினார். டொப், டொப். "உள்ள காத்துதான் கீது சார், பூச்சு எங்க கீது?" உளியை வைத்ததும் பாளம் பாளமாக வந்தது. மத்தியானத்துக்குள் பாதிச் சுவர் செங்கல்லாக நின்றது. பார்க்கச் சங்கடம். சொந்த வீட்டைச் சட்டையில்லாமல் பார்த்த மாதிரி.

சாந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு திருஷ்டி பொம்மை வாங்கி வந்தாள். கொம்பு, கோரைப்பல், தொங்கும் நாக்கு. "வேல நடக்குது, கொழந்த வேற வரப்போவுது. கண்ணு படக் கூடாது." மே. அதைச் சாரத்தின் நடுக்கம்பில் கட்டினார். முகம் வெளிப்பக்கம், வழக்கம்போல. நானும்தான் கீழே நின்று "கொஞ்சம் மேல, இன்னும் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாம்பார் நன்றாக இருந்தது. ரேவதி போனில் பேசினாள். குழந்தைக்கு முதல்முறையாக ஸ்பூனில் பால்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வேலை நின்றுவிட்டது.

காலையில் மே. வந்தால், வழியில் படலைச் சாத்திக் கட்டிவைத்திருக்கிறார் அக்கா. உள்ளே நின்றுகொண்டு, "சாரத்த அவுத்துக்கினு போவச் சொல்லு" என்று அவரிடமே சொன்னாராம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கொடுத்த வாக்கை இப்படியா மாற்றுவது? போய்க் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வெடியங்காட்டி கதவத் தொறந்தா, உங்க பொம்ம என் மூஞ்சிக்கு நேரா நாக்கத் தள்ளிக்கினு கீது. புருசன் இல்லாதவ, இவ கண்ணு கொள்ளிக்கண்ணுன்னுதான கட்டினீங்க? நான் இன்னா உங்க புள்ளைக்குக் கண்ணு வெக்கப்போறனா?"

மூன்று பேர் அந்தப் பொம்மையைக் கையில் பிடித்திருக்கிறோம், அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெளிப்பக்கம் என்றால் எங்களுக்கு ஊர். ஆனால் அந்த வெளியில் இருப்பது அவர் ஒருத்தர்தான்.

மூன்று மணிக்கு மேகம் திரண்டது. பாதிச் சுவர் செங்கல். மே. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஒரு மழ அடிச்சா தண்ணி நேரா கட்டிலுக்கு வந்துடும் சார்" என்றார். ஆறுதல் சொல்ல இவரை மிஞ்ச ஆள் இல்லை.

சாந்தி அழுதுவிட்டாள். "அவங்கள நெனச்சே வாங்கலங்க." எனக்குத் தெரியாதா?

எங்கள் பக்கத்து ஏணி வழியாக மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்து சாரத்தில் இறங்கினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு. பொம்மையை அவிழ்த்து, முகத்தைத் திருப்பி, எங்கள் சுவரைப் பார்க்கக் கட்டினேன். செங்கல்லுக்கும் அதன் மூக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது இனிமே எங்கள மொறைக்கட்டும். கண்ணு வெக்கிற ஆளுங்க நாங்கதான், உள்ள கீறோம்."

அக்காவுக்குச் சிரிப்பு. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. "உங்க வூட்டையே மொறைச்சிக்கினு கீதே, கண்டக்டரே!"

படல் திறந்தது. மழை சங்கராபுரம் பக்கம் போய்விட்டது. ரொம்ப நன்றி, எல்லோருக்கும்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

பூச்சு முடிந்தது, நேற்றும் இன்றுமாக. சன்ஷேடு விரிசலும் அடைத்தாயிற்று. அதன் விளிம்போரம் சிமெண்டில் ஒரு சின்னக் கரை இழுத்துவிட்டார் மே., தண்ணீர் கொட்டகைப் பக்கம் சாயாமல் எங்கள் குழாய்க்குப் போகும். நான் சொல்லவில்லை, அவராகச் செய்தது. அவருக்கு டீயோடு இரண்டு போண்டா.

போகும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "மூணு வேள தண்ணி காட்டணும் சார், ஒரு வாரம். உட்டீங்கன்னா முடி முடியா வெடிக்கும். அப்புறம் நீங்க பெயிண்ட் அடிச்சாலும் ஒண்ணுதான், அடிக்காட்டியும் ஒண்ணுதான்."

சாந்தி ஆஸ்பத்திரியில். நாளை எனக்கு டியூட்டி. காலையில் ஊற்றிவிட்டுப் போய், மாலை வந்து ஊற்றிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

எழுதவே முடியவில்லை. புதன் மத்தியானம் கரியாலூர் தாண்டும்போது சாந்தி போன். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கீழே இறங்கும்வரை டிரைவர் என் பக்கம் திரும்பவே இல்லை, வண்டியை மட்டும் அமுக்கி ஓட்டினார். டிப்போவில் பையை ஒப்படைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரி. புதன், வியாழன் அங்கேயேதான். கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று விடிந்ததும் சரியாகிவிட்டது. பால் குடித்தாள். நர்சம்மா, "தாத்தா வூட்டுக்குப் போய் குளிங்க, வாடை அடிக்குது" என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போதுதான் சுவர் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் வெயில். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். திரும்ப உடை, திரும்பப் பூசு, அதற்குள் மழை, அதற்குள் குழந்தை.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க ஈரம். மேலிருந்து கீழ்வரை கருத்த, குளிர்ந்த, நல்ல ஈரம். கையை வைத்தேன். ஒரு முடி விரிசல் இல்லை. கீழே அக்காவின் பித்தளைக் குடம், ஒரு சொம்பு, மேலே எட்டச் சாரத்தில் சாய்த்து வைத்த ஸ்டூல்.

அக்கா கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாட்டுக்கு ஊத்தற தண்ணி. கொஞ்சம் செவுத்து மேலயும் தெறிச்சிட்ச்சி." பிறகு, "கொழந்த?"

"நல்லா கீதுக்கா."

அறுபது வயதுக்காரி ஸ்டூல் மேல் ஏறி நின்று என் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

செப்டம்பர் 6, ஞாயிறு

நல்ல காய்ச்சல். சுவருக்கு, எங்களுக்கு இல்லை. வெளுத்துக்கொண்டு வருகிறது. மே. தட்டிப் பார்த்துத் திருப்தி. உள்பக்கமும் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, பூஞ்சை வாடை போய்விட்டது. பேத்தி எடை ஏறுகிறாள்.

பெயிண்ட். மற்ற மூன்று பக்கமும் சந்தனம், இதுவும் சந்தனம் என்றுதான் இருந்தேன். பல் தேய்க்கும்போது திடீரென்று உறைத்தது: இந்தச் சுவரை நான் எப்போது பார்த்தேன்? வருஷத்துக்கு ஒரு தரம்கூட இல்லை. விடிந்து எழுந்தால் அதன் முகத்தில் விழிப்பது அக்கா. இத்தனை வருஷம் அழுது வடியும் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கலர் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்கதான பாக்கப்போறீங்க."

"நான் இன்னா சொல்றது, உங்க செவுரு" என்றார். ஆனாலும் அட்டையைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிடம்கூடக் காட்டினார் என்று நினைக்கிறேன். கடைசியில் விரல் வைத்தது ரோஸில். வெளிர் ரோஸ் இல்லை. அடர் ரோஸ்.

மே.: "மூணு பக்கம் சந்தனம், ஒரு பக்கம் இதுவா சார்?"

"அதேதான்."

செப்டம்பர் 9, புதன்

ப்ரைமர் திங்களே முடிந்தது. இன்று இரண்டாவது கோட். சாரம் அவிழ்த்தாயிற்று. பொம்மையை மே. எடுத்துக்கொண்டார், அடுத்த வேலைக்கு. எந்தப் பக்கம் பார்க்கக் கட்டப்போகிறார் என்று கேட்டு அனுப்பினேன்.

மலை ரோட்டிலிருந்து பார்த்தால் ஊரிலேயே எங்கள் சுவர் ஒன்றுதான் தெரிகிறது. டிரைவர் ஹார்ன் அடித்து, "கண்டக்டர் வூடு பஞ்சுமுட்டாய் கட போட்டுட்ச்சிபா" என்று வண்டிக்கே அறிவித்தார். சிரிக்கட்டும். அக்கா இன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கீரை ஆய்ந்தார். மாடு இன்னும் கன்று போடவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

வந்துவிட்டார்கள். சாந்தி ஆரத்தி எடுத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டே வீட்டுக்குள் வந்தது. அக்கா படலைத் தாண்டி, எங்கள் நிலைப்படியையும் தாண்டி, சின்ன அறைக்கே வந்துவிட்டார். தொடவில்லை. "இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று தள்ளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பொத்தான் இன்னும் தைக்கவில்லை.

செப்டம்பர் 12, சனி

மாலை. மலை தெரியவில்லை. காற்று, பிறகு ஒரே அடியாக மழை, மேற்கிலிருந்து, நேராகச் சுவர் மேல். கரண்ட் போய்விட்டது. சாந்தி, ரேவதி, நான், மூவரும் சின்ன அறையில். குழந்தை தூக்கத்தில். நான் சுவரைக் கீழிருந்து மேல்வரை தடவிக்கொண்டே இருந்தேன். மூலையில் இரண்டு தரம்.

மழைச் சத்தத்துக்கு மேல் வெளியிலிருந்து குரல், தனக்கோடி அக்கா: "கண்டக்டரே! இங்க ஒரு எடத்துலயும் ஊறல! அப்பிடியே வழிஞ்சி ஓடுது! நான் பாத்துக்கினுதான் கீறேன்!"

"உள்ளயும் காஞ்சிதான் கீதுக்கா!" என்று நானும் கத்தினேன், பஸ்ஸில் கத்துகிற குரலில்.

குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. பிறந்ததிலிருந்து இவ்வளவு சத்தமாக அழுததில்லை. சாந்தி என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். திட்டட்டும்.