பாலம் தாண்டாத பிள்ளைகள்

ஆசிரியர் அறையில் இன்று யாரோ நீ தடவுகிற அதே தைலத்தைத் தடவினார்கள். சட்டென்று உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதில் இப்போது விளையாட்டு ஆசிரியரின் பை இருக்கிறது.

ஆறாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகளின் படிவம் ஒன்றுக்கு இந்த ஆண்டு தமிழ் வகுப்பு இல்லையாம். பிள்ளைகள் போதவில்லை, தமிழர்களெல்லாம் தீவை விட்டுப் பாலம் தாண்டி செபராங் ஜெயாவில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள் என்கிறார் துணைத் தலைமையாசிரியர். சீனப் பிள்ளைகளும்தான் குறைந்துவிட்டார்கள் என்று ஆறுதல் வேறு. கேட்காமலே ஆறுதல் சொல்கிறவரை நம்பாதே என்பாய் நீ.

நீ யாரைத்தான் நம்பினாய்? கேன்டீனில் தேநீர் கொஞ்சம் வெளுத்திருந்தால்கூட, "இதுல என்னமோ இருக்குடி" என்பாய். நான் சிரிப்பேன். ஆனால் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்மலைக் கோயில் பாதையில் தண்ணீர்ப் பந்தலில் நின்று, மோர் கொடுத்த கையோடு, "புள்ள ஆறாம் வகுப்பா? அடுத்து எந்த ஸ்கூலு?" என்று பெற்றோரை மடக்குவாயே, அப்படித்தான் நம் வகுப்பு நிறைந்தது. காவடி எடுத்தவரைக்கூட நீ விட்டதில்லை. "கொறையுதுன்னு சொன்னா நம்பிடாத. வீட்டுக்குப் போயிப் பாரு" என்பாய்.

போனேன். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வாசலுக்கு வாசல் மாவிலைத் தோரணம். உன் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா கதவைத் திறந்தார்.

"நாங்க எங்கயும் போகல டீச்சர். பையன இந்த வருசம் வேற ஸ்கூல்ல போட்டுட்டோம். உங்க ஸ்கூல்ல தமிழ் கிளாஸ் இருக்காதுன்னு சொன்னாங்களே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பு இல்லையென்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, பிள்ளைகள் இல்லையென்று வகுப்பை மூடுகிறார்களா?

"யாரு சொன்னா? ஆபீஸ்லயா?"

அவர் தயங்கினார். "இல்ல டீச்சர், உங்க கூட்டாளிதான். ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனப்ப சொன்னாங்க. 'எனக்கப்புறம் அங்க யாரும் புள்ளைங்களத் தேடி அலைய மாட்டாங்கக்கா. புள்ளைக்குத் தமிழ் போயிடும், வேற எடத்துல போட்டுடுங்க'ன்னாங்க. இந்த பிளாக்ல எல்லாருக்கும் அதையேதான் சொல்லி அனுப்புனாங்க லா."

துணைத் தலைமையாசிரியர் பாவம். மனத்துக்குள் அவரை என்னவெல்லாம் திட்டியிருந்தேன்! ஆனால் நீ? பக்கத்து மேசையில் இத்தனை ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பந்தலில் உன்னோடு மோர் ஊற்றினேன். என்னையுமா நம்பவில்லை?

அந்த அம்மாவின் கடைக்குட்டி இப்போது ஆறாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அவளை எங்களிடம் அனுப்பச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இருப்பீங்களா டீச்சர்?"

இருப்பேன் என்றேன். அரைமனதோடுதான் தலையாட்டினார். அவராவது கேட்டார். நீ ஒரு தடவைகூட என்னிடம் கேட்காமலே போய்விட்டாய்.