லிட்டருக்குப் பத்து

அய்யா,

இன்று காலை ஸ்கூட்டிக்குக் காற்றுப் பிடிக்க பங்க்கில் நின்றேன். குழாயைச் செருகியவர், "எவ்வளவு வைக்கணும்மா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். குழாய் சீறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே ஏதோ ஓர் அளவை வைத்து அனுப்பிவிட்டார். நீங்கள் போய் பதினான்கு மாதம் ஆகிறது. டயருக்குக் காற்று எவ்வளவு என்று யாராவது கேட்டால் இன்னும் என்னால் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை.

நம் ஜீப் என்னைவிட இரண்டு வயது மூத்தது. தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருமுன், மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் நீங்கள் யாத்திரைக்காரர்களை ஏற்றிப்போன காலத்தில் பழகிய இரண்டு பழக்கங்களை ரோடு வந்த பிறகும் விடவில்லை. டயரில் காற்று எப்போதும் பதினெட்டு பவுண்டுதான். காற்றுக் குறைந்த டயர் அகன்று படிந்து மணலில் புதையாமல் போகும். முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் லாக்கைத் திருகியே வைத்திருப்பீர்கள். அப்போதுதான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ரோட்டில் எடுத்துவிடலாமே என்று உங்களோடு ஜீப் ஓட்டும் காதர் மாமா கேட்டபோது, "எறங்கி எறங்கித் திருகிக்கிட்டு இருந்தா, ஏறி உக்காந்த சாமிமாரு நடந்தே போய்ச் சேந்துருவாக" என்றீர்கள். ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் ரோட்டில் அந்த ஜீப் டீசலைக் குடித்துத் தீர்த்தது. நமக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த லாட்ஜ்காரர் ஒருநாள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டராவது கொடுத்தால் ஜீப் ஓடட்டும், இல்லையென்றால் வேன் பார்த்துக்கொள்கிறேன் என்று. அன்று நீங்கள் சாப்பிடும்போது தலை நிமிரவில்லை. அம்மா குழம்பை இரண்டாம் தடவை ஊற்றியதுகூட உங்களுக்குத் தெரியவில்லை.

அப்போது நான் இராமநாதபுரத்தில் பிஸிக்ஸ் கடைசி வருஷம். நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வருகைப் பதிவில் நான் "உள்ளேன்" என்று சொல்வது மேடைவரை கேட்காமல் பல நாள் ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. வகுப்பில் வாய் திறக்காதவள், கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தேன். ஹப்பைப் பூட்டியே ஓட்டுவதால், என்ஜின் முன்சக்கரங்களை இழுக்காதபோதும் ஜீப்புக்கு அடியில் இருக்கும் கம்பித் தண்டு சும்மா சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். டயர் காற்றில்லாமல் தார் ரோட்டில் அப்பிக்கொண்டு வருவதையும் பார்த்தேன். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி கடற்கரை கொட்டியது. உங்களிடம் நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிட்டேன்.

நீங்கள் அதை ஸ்டாண்டில் எழுத்துக் கூட்டி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினீர்களாம். வீட்டுக்கு வந்து, "எங்க வீட்டு இஞ்சினியரு சொன்னாச் சரிதான்" என்றீர்கள்.

"நான் பிஸிக்ஸ் அய்யா."

"எல்லாம் ஒண்ணுதான் தாயி. நீ வண்டியில ஏறு."

டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, இராமநாதபுரம் போய்வந்து, மறுபடி கழுத்துவரை நிரப்பிப் பார்ப்பது என்று ஏற்பாடு. உள்ளே காற்றுக் குமிழி நின்றால் கணக்குத் தப்பும் என்று நான் சொன்னதும், பங்க்கில் அத்தனை பேர் முன்னால் ஜீப்பை இடுப்பால் முட்டி முட்டி ஆட்டினீர்கள். "என்னண்ணே, சாமி வந்துருச்சா?" என்று ஒருத்தர் கேட்டார். "ஆமாப்பா, டீசல் சாமி" என்றீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால், என் சொல்லுக்காக ஒரு மனிதர் ஊர் பார்க்க ஆடினார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

முதலில் ஏழு. காற்றை முப்பதுக்கு ஏற்றி, ஹப்பை விடுவித்து, ஃபில்டரைக் கழுவிய பிறகு ஒன்பது. உப்புக்காற்றில் துருவேறி உரசிக்கொண்டிருந்த பிரேக்கைச் சரிசெய்து, மேலே இருந்த இரும்புக் கேரியரைக் கழற்றிய பிறகு ஒன்பதே முக்கால். அதற்குமேல் நகரவில்லை.

அப்போதுதான் பின்னால் கிடந்த இரண்டு பனம்பலகைகளைக் காட்டினேன். சக்கரம் புதைந்தால் அடியில் கொடுக்கிற பலகைகள்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும் தாயி. கஞ்சியா கேக்குது?"

"முப்பது கிலோ அய்யா. ரோட்டுலதான ஓட்டுறீங்க? எதுக்குச் சும்மா சுமக்கணும்?"

நான் ஒருவரிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. நீங்கள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பலகைகளை இறக்கினீர்கள். அம்மா அவற்றைத் தண்ணீர் டிரம்முக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன் அய்யா. பலகைகளின் எடையால் மைலேஜ் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. அது எனக்கு அப்போதே தெரியும். ஒன்பதே முக்கால் என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வேண்டியிருந்தது. அடுத்த முறை கடல்காற்று கொஞ்சம் அடங்கி வீசிய நாளில் பத்து வந்தது. பலகையால் வந்தது என்று நீங்கள் நம்பினீர்கள். நான் திருத்தவில்லை. லாட்ஜ்காரர் ஜீப்பை நிறுத்தவில்லை. ஒரு வருஷம் நன்றாக ஓடியது.

பிறகு அந்த ஆடி மாதத்து மதியம். அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் ஒரு குடும்பத்தின் கார் ரோட்டை விட்டு இறங்கி மணலில் மாட்டிக்கொண்டது. நீங்கள் பழைய நினைப்பில் ஜீப்பை இறக்கினீர்கள். முப்பது காற்று ஏறிய டயர் கத்தி மாதிரி மணலை அறுத்து இறங்கியது. ஹப்பைத் திருகலாம் என்றால் அது உப்பில் இறுகிக்கிடந்தது. பலகை வீட்டில் இருந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் கையால் மணலைத் தோண்டியிருக்கிறீர்கள். காதர் மாமா வந்து இரண்டு வண்டியையும் இழுத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது என்று வெந்நீர் கேட்டீர்கள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது என் மடியில் உங்கள் தலை கனத்துவிட்டது.

அடைப்பு ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் வந்திருக்கும் என்றார் டாக்டர். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். என்னால் முடியவில்லை. இப்போது கீழக்கரையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். ஒரு பிள்ளை தராசைத் தவறாக வைத்தால்கூட, தவறு என்று சொல்ல வாய் வருவதில்லை. நானே போய் மாற்றி வைத்துவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் காதர் மாமா வீட்டுக்கு வந்தார். தன் ஜீப் ஆறுதான் கொடுக்கிறதாம். "பாப்பா, மச்சானுக்கு எழுதிக் குடுத்தியே, அத எனக்கும் எழுதிக் குடு" என்றார்.

"வேணாம் மாமா. அந்தத் தாளாலதான் அய்யா போனாரு."

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் கேட்டேன், பலகை எங்க மச்சான்னு. மணல அள்ளிக்கிட்டே என்ன சொன்னாரு தெரியுமா? 'எம்மக எறக்கி வச்சுட்டா மாப்ள, பத்து குடுக்குதுல்ல'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நீ தப்பா சொன்னியா சரியா சொன்னியா, எனக்குத் தெரியாது பாப்பா. அந்தச் சிரிப்பத்தான் நான் பாத்தேன்."

அது எனக்கு ஆறுதலா, இன்னொரு குத்தலா என்று இப்போதும் தெரியவில்லை. தாள் எடுத்து எழுதினேன். காற்று, ஹப், ஃபில்டர், பிரேக், கேரியர். கடைசியில், முன்பு எழுதாததை எழுதினேன்: மணலில் இறங்குமுன் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கவும், வாரம் ஒருமுறை ஹப்பைத் திருகி எண்ணெய் விடவும், பலகையை ஒருநாளும் இறக்க வேண்டாம்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பலகை இருந்தா கொறையுமே பாப்பா, பத்து வராதே?"

"ஒண்ணும் கொறையாது மாமா. அய்யாகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "கொறஞ்சாலும் கொறையட்டும். பலகையோட போங்க."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அவ்வளவு சத்தமாக நான் பேசி அவள் கேட்டதில்லை.