வரப்போரத்தில் உன் பெண்

என் தங்க அண்ணிக்கு,

நீ கண்ணை மூடிப் போன பிறகு சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது. ஆனால் இதைச் சொல்லாமல் என் வாய் சும்மா இருக்குமா? நேற்று சாலவாக்கத்தில் நடவு. வரப்போரம் முதல் ஆளாக இறங்கியது யார் தெரியுமா? உன் பெண்!

நம் காலத்தில் இது நடக்குமா? மேஸ்திரி வரப்பில் நடப்பான். குனிந்து நடுகிறவள் இடுப்பில் அவன் கை படும். அதனால் வயசுப் பெண்களை நடுவில் விட்டு, வரப்போரம் நீயும் நானும் நிற்போம். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்தோம். நம் இடத்தைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தோம், அவனை யாரும் அசைக்கவில்லை. எப்படி அசைப்பது? நாளைக்கு யாருக்கு வேலை என்று சொல்கிறவன் அவன்தானே. நிலம் ஒருத்தர் கையில், வேலை ஒருத்தன் கையில், கெட்ட பேர் மட்டும் நம் தலையில்.

போன நடவுக்கு, டிகிரி முடித்த கையோடு உன் பெண்ணும் எங்களுடன் வந்தாள். நடுவில் நில்லுடி என்றேன், கேட்கவில்லை. மேஸ்திரி அவள் மேலும் கையை வைத்தான். அவள் நம்மைப் போல் நகர்ந்துகொள்ளவில்லை, அண்ணி. "யோவ், கைய எடுய்யா!" என்று போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. அன்றைக்கே மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் புகாரும் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மேஸ்திரியின் மாமன் வந்து நின்றான். "இன்னாம்மா, பேசி முடிச்சிக்கலாம். பொண்ணு பேரு கெட்டுடும்."

"கெட்டது உங்க ஆளு பேரு. அத இன்னாத்துக்கு எங்க வூட்ல வந்து தேடிக்கினு கீற?" என்றேன். வாயே திறக்காத என் அண்ணன், அதான் உன் வீட்டுக்காரர், கதவை அவன் முகத்துக்கு நேராகச் சாத்தினார். நீ பார்த்திருக்க வேண்டும்!

புகாரை வாபஸ் வாங்கும்வரை தெருவில் ஒருத்திக்கும் வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லியனுப்பினான். தெருவில் போய்ப் புலம்பினேன். நமக்காக மற்றவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? எதிர்வீட்டு ராணிதான் சிரித்தாள். "நாத்து முத்திக்கினு கீது. அவசரம் நமக்கா, அவங்களுக்கா? பாத்துக்கலாம் வுடு."

ஒருத்திகூட வயலில் இறங்கவில்லை. வெளியூர் ஆளும் கிடைக்கவில்லை. நாற்று முற்றிப்போகும் பயத்தில் நிலக்காரர் தெருவுக்கே ஓடி வந்தார். மேஸ்திரியை நிறுத்திவிட்டார். இப்போது எங்களுக்கு ஆள் சேர்ப்பது ராணி. நேற்று யார் எங்கே நிற்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. ஒருத்தி மேல் ஒருத்தி சேற்றை வாரி அடித்து ஒரே கூத்து!

ஆனால் வழக்கு முடியவில்லை, அண்ணி. வருகிற வாரம் உன் பெண் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். மேஸ்திரியின் வக்கீல் குடைந்து குடைந்து கேட்பாராம். அன்றைக்கு நடவே வேண்டாம் என்று தெருவே கிளம்புகிறது. அவள் எனக்கு மட்டும் தனியாக உத்தரவு போட்டிருக்கிறாள். "அத்த, நீ அழுதினா எனக்குப் பேச்சு வராது. சிரிச்சிக்கினு குந்து."

உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

உன் வாயாடி நாத்தனார்