அரியலூரில் வாங்கிய லேப்டாப்

ஜூன் 4, புதன்

அரியலூரில் லேப்டாப் வாங்கியாகிவிட்டது. பழையதுதான், யாரோ இரண்டு வருடம் வைத்திருந்தது. இவர் வேலை பார்க்கும் சிமென்ட் ஆலைக்குப் போகிற வழியில் கடை. கடைக்காரன் அருள் பிரகாஷ் இவருக்குப் பழக்கம். அதுதான் எனக்கு முதல் உறுத்தல். பழக்கத்தில் லாபம் நமக்கா, அவனுக்கா?

கேமராவைப் போட்டு என் முகத்தைத் திரையில் காட்டினான். மைக்கில் பேசச் சொன்னான். எல்லாம் சரியாக இருந்தது. அதுவும் உறுத்தல். இவ்வளவு நல்ல பெட்டியை ஒருவன் ஏன் விற்றான்?

அடியில் இருந்த சீரியல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இவர் வெளியே போய் நின்றுகொண்டார். வெட்கமாம். "எங்கம்மா குடுக்குற பாலையே மோந்து பாத்துட்டுத்தான் குடிப்ப நீ" என்றார் வழியில். ஆமாம், பார்ப்பேன்.

ஜூன் 5

திங்களன்று வகுப்பு. பதினான்கு வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தாயிற்று. இப்போது என் டிப்ளமா போதாதாம். எட்டு வார ஆன்லைன் படிப்பை முடித்தால் லேபில் இருக்கலாம். இல்லாவிட்டால் வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை. கேமராவில் முகம் தெரிந்தால்தான் வருகை. மூன்று ஆப்சென்ட் என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

லேபில் கூட இருக்கும் சத்யப்பிரியா அடுத்த பேட்ச். அதே கடையில் வாங்கலாமா என்று கேட்டாள். பொறு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் பூஜை போட்டோம். புது பைக்குகள் வரிசையாக நிற்க, நடுவில் நான் லேப்டாப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு. பூசாரி சிரிக்கவில்லை. திரைக்கு மேல் விளிம்பில், நடு நெற்றியில் வைக்கிற மாதிரி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். எலுமிச்சம்பழத்தை எதில் ஏற்றி நசுக்குவது என்று இவர் கேட்டார்.

ஜூன் 7

வகுப்புக்காரர்கள் அனுப்பிய சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். நெட் சரி. மைக் சரி. கேமரா — இருட்டு. அணைத்துப் போட்டேன். மறுபடி இருட்டு.

கடையில் தெரிந்த முகம் வீட்டில் எப்படித் தெரியாமல் போகும்? பையில் போட்டுத் தருகிறேன் என்று உள்ளே எடுத்துப் போனானே, இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் போதாதா?

போன் செய்தேன். எடுத்து வாருங்கள், பார்த்துத் தருகிறேன் என்கிறான். எதற்கு, மிச்சம் இருப்பதையும் கழற்றவா?

ஜூன் 9, திங்கள்

முதல் வகுப்பு. எல்லோர் கட்டத்திலும் முகம். என் கட்டம் இருட்டு. ஆப்சென்ட்.

ஜூன் 10

இரண்டாவது ஆப்சென்ட்.

மதியச் சாப்பாட்டில் லேபில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள், அவன் சாமான் மாற்றுகிறவன். சத்யப்பிரியா என்னைக் கேட்காமலே ஒரு பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாளாம். அங்கேயே போன் போட்டு வேண்டாம் என்றாள். எனக்கு ஒரு திருப்தி, பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட, கமிஷன் எவ்ளோ வாங்குனீங்கன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சாப்பிடாம ஷிஃப்டுக்குப் போயிட்டாரு.

ஜூன் 11

இன்று வகுப்பு இல்லை. நாளையும் இருட்டென்றால் டோக்கன்தான்.

ஜூன் 12, வியாழன்

காலையில் வாசலில் அருள் பிரகாஷ். அரியலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறான். இவர்தான் கூப்பிட்டாராம். உட்காரச் சொல்லவில்லை நான். பெட்டியை மடியில் வைத்து நானே திறந்தேன், அவன் கை படக்கூடாதென்று.

குனிந்து பார்த்தான். கொண்டுவந்த பையைத் திறக்கவே இல்லை.

"கேமரா இங்கதான்க்கா இருக்கு" என்று மேல் விளிம்பைக் காட்டினான். அங்கே சந்தனம் காய்ந்து, அதன்மேல் குங்குமம் அப்பிக் கிடந்தது. பிறகு, கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டே சொன்னான்: "நீங்களே தொடச்சிருங்கக்கா. சாமி பொட்டு, நான் கை வெக்கிறது சரியா இருக்காது."

முந்தானையை நனைத்துத் துடைத்தேன். திரையில் என் முகம் வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

காபி போடுகிறேன் என்றேன். கடை திறக்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். படியிறங்கும்போது, ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். சாமான் மாற்றுகிறவன் என்று காரணம் சொன்னார்களாம். யார் கிளப்பியது என்று கேட்கவில்லை. தெரிந்துதான் வந்திருக்கிறார்.

மாலை வகுப்பில் வருகை விழுந்தது. சந்தோஷமாக இல்லை. அசிங்கமாக இருந்தது.

ஜூன் 13

சாப்பாட்டு நேரத்தில் பொட்டுக் கதையை மறைக்காமல் சொன்னேன். பத்து நிமிடம் சிரித்தார்கள். தப்பு என்னுடையது, அவர் நல்லவர் என்றும் சொன்னேன். அது யார் காதிலும் ஏறவில்லை. சத்யப்பிரியா திருச்சியில் வாங்கிக்கொள்கிறாளாம். "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானக்கா" என்றாள். என்னிடம் கற்றதுதான்.

வீட்டில் இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, அவனிடம் போய்க் கேள் என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

செவ்வாயன்று கடைசித் தேர்வு. நேற்றிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. அரியலூருக்குப் போனேன். முதலில் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டேன். விடுங்கக்கா என்று அருள் பிரகாஷ் பெட்டியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிரித்துப் பார்க்க வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குத் தருகிறேன் என்றார். எட்டு வாரக் குறிப்பும் அதற்குள்தான். வைத்துவிட்டேன். சீட்டு எழுத நோட்டை எடுத்தார். வேண்டாம் தம்பி என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், சீட்டை வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. இறங்கவில்லை.